சதாபிஷேக ஸ்லைடுஷோவும் கிண்டிக் கணக்கும்

மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்து வீடுகளில் ஒரு சதாபிஷேகம் வருகிறது என்றால் சாஸ்திரிகளிடம் நாள் குறிப்பது, மண்டபம் பிடிப்பது, சமையல்காரருக்கு முன்பணம் கொடுப்பது என்கிற பழைய பட்டியலில் இப்போது ஸ்லைடுஷோவும் சேர்ந்துகொண்டது. கம்ப்யூட்டர் தெரிந்த பேத்தி யாராவது ஒருத்தி தலையில் அது வந்து விழும். பரணிலிருந்து ஆல்பங்கள் இறங்கும். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா அனுப்புவார், அடையாறிலிருந்து அத்தை அனுப்புவாள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து கொட்டும். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஹாலில் மாட்டியிருக்கும் 55 அங்குல டிவியில் செருகி ஒத்திகை பார்ப்பார்கள்.

அப்போதுதான் ஒரு வேடிக்கை தெரியவரும். 1969ல் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் ஜம்மென்று நிற்கிறது. பாட்டியின் மூக்குத்திக் கல்லில் ஸ்டூடியோ விளக்கு மின்னுவதுகூடத் தெரிகிறது. 1980 வாக்கில் எடுத்த கலர் படங்களில் வீட்டில் உள்ள அத்தனை பேரும் செங்கல் நிறம். 2004ல் முதல் டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை பரவாயில்லை ரகம். 2019ல் பேரன் பூணூலுக்கு, நல்ல விலை கொடுத்து வாங்கிய போனில் எடுத்தவைதான் இருப்பதிலேயே மோசம். புடவைச் சரிகை கூழாகிக் கிடக்கிறது, சாஸ்திரிகளின் முகத்தில் மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிட்டன.

டிவியைத் திட்டுவார்கள். பாவம், அதன் பேரில் குற்றம் கொஞ்சம்தான். படம் டிவிக்கு வந்து சேர்வதற்குள் அதிலிருந்து எதெல்லாம் கழிக்கப்பட்டது, யார் கழித்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் திரையின் கணக்கைப் பார்த்துவிடலாம். 4கே என்று விற்கிற டிவியில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 புள்ளிகள். பெருக்கினால் ஏறக்குறைய 83 லட்சம். 12 மெகாபிக்சல் போன் எடுக்கும் படத்தில் 4,000க்கு 3,000, அதாவது ஒரு கோடியே இருபது லட்சம். திரைக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே சரக்கு இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் வடிவம் ஒத்துப்போகாது. திரை 16க்கு 9, போன் படம் 4க்கு 3, பழைய 35 மி.மீ. பிலிம் 3க்கு 2. போன் படத்தை முழுசாகக் காட்டினால் திரையின் முக்கால் பாகம்தான் நிரம்பும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. பட்டை பிடிக்காமல் ‘ஃபில்’ பொத்தானை அழுத்துகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் படத்தின் உயரத்தில் கால் பாகம் வெட்டுப்படும். தம்பதிகளை நமஸ்காரம் செய்கிற படத்தில் மேலே தாத்தாவின் தலையும் கீழே நமஸ்கரிப்பவரும் போய், நடுவில் வேட்டி மட்டும் மிஞ்சும்.

நெட்டுக்குத்தாக எடுத்த படம் இன்னும் பாவம். அறுபத்துமூவர் அன்று வடக்கு மாட வீதிக் கூட்டத்தில் நின்று போனை நிமிர்த்திக் கபாலீஸ்வரர் கோபுரத்தை எடுப்பவருக்கு வேறு வழியில்லை. கோபுரம் அப்படித்தான் நிற்கிறது. அந்தப் படம் டிவியில் 42 சதவீத இடத்தைத்தான் பிடிக்கும். மீதி இடத்தில் அதே படத்தை மங்கலாக்கிப் பின்னணியாக விரிப்பது இப்போது வீடியோக்காரர்களிடையே ஃபேஷன். எனக்கு அது பிடிப்பதில்லை. கண் தேவையில்லாமல் அங்கே போய் அலைகிறது. நெட்டுக்குத்துப் படங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் திரையில் 84 சதவீதம் நிரம்பிவிடும். அறுபதில் தாத்தா, எண்பதில் தாத்தா என்று ஜோடி சேர்க்கவும் வசதி.

4கேயா, முழு எச்டியா என்று உஸ்மான் ரோடு ஷோரூமில் அரை மணி நேரம் யோசிக்கிறார்களே, அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நல்ல கண்பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம், ஒரு டிகிரியை அறுபதாக வகுத்ததில் ஒரு பங்கு. 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ.; 4கேயில் ஒரு புள்ளி 0.32 மில்லிமீட்டர். அந்தப் புள்ளியைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் மூன்றரை அடி தூரத்துக்கு வர வேண்டும். முழு எச்டியில் புள்ளி இரண்டு மடங்கு பெரிசு. ஏழடிக்குள் வந்தால் தெரியலாம். தி.நகர் அடுக்குமாடி ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் எட்டடி இருக்கும். அங்கே உட்கார்ந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். போதாக்குறைக்குப் பல ஸ்மார்ட் டிவிகள் சினிமாவை 4கேயில் காட்டினாலும் புகைப்படத்தை மட்டும் முழு எச்டியில் வரைந்துகொண்டு பிறகு பெரிதாக்கித்தான் காட்டுகின்றன. அது தெரியாமலே எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

ஆக, திரையில் புள்ளி குறைந்ததால் சரிகை கூழாகவில்லை. அதற்குக் காரணம் தேடினால் கிண்டிக்குப் போக வேண்டியிருக்கிறது.

அடையாறிலிருந்து சர்தார் படேல் சாலையில் மேற்கே போனால் வலப்பக்கம் வருகிற கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1952ல் பட்டம் பெற்றவர் கே.ஆர். ராவ். பிறகு அமெரிக்கா போய் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் பேராசிரியரானார். பெங்களூரில் பிறந்து அங்கேயே பொறியியல் படித்த நசீர் அகமது, கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1972ல் அகமதுக்கு ஒரு யோசனை தோன்றியது: படத்திலுள்ள தகவலை கொசைன் அலைகளாகப் பிரித்தால் சுருக்குவது சுலபமாகுமே என்று. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை, மதிப்பிட்டவர்களில் ஒருவருக்கு அது ரொம்பச் சாதாரண விஷயமாகத் தோன்றிவிட்டது. அகமது விடவில்லை. மறு வருஷக் கோடை விடுமுறையில் சம்பளமில்லாமலே, தன் ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜனுடன் உட்கார்ந்து வேலையை முடித்தார். அகமது, நடராஜன், ராவ் மூவர் பெயரிலும் 1974 ஜனவரியில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. 1992ல் வெளியான ஜேபெக் தரம் நிற்பது அதன் மேல்தான். இன்று போனில் எடுக்கிற படம், யூடியூப் வீடியோ, சாயங்காலத்து சீரியல் எல்லாமே அந்த நான்கு பக்கத்துக்கோ அதன் வாரிசுகளுக்கோ கடன்பட்டவை.

அது செய்கிற வேலையைப் பூணூல் படத்தில் அத்தையின் புடவையை வைத்தே பார்க்கலாம். கரும்பச்சை உடல், அரக்கு பார்டர், பார்டரில் நெருக்கமாகச் சரிகை.

போன் முதலில் நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் வெளிச்சத் தகவலை அப்படியே வைத்துக்கொண்டு, நிறத் தகவலை மட்டும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிவிடுவார்கள். மூன்று பங்கு இருந்த தகவல் இதிலேயே ஒன்றரைப் பங்காகிவிட்டது. முகம், சுவர், வானம் எதிலும் இது தெரியாது. பச்சை உடலும் அரக்கு பார்டரும் சந்திக்கிற கோட்டில் தெரியும். ஒன்றின் நிறம் மற்றொன்றில் ஒரு இழை கசிந்திருக்கும்.

அடுத்தது கட்டங்கள். படம் முழுவதும் எட்டுக்கு எட்டு என்று 64 புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் 64 வெளிச்ச அளவுகளுக்குப் பதிலாக 64 அலைகளின் எடைகள் எழுதப்படும். முதல் எடை கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்து வருபவை மெதுவாக ஏறி இறங்கும் அலைகள். கடைசியில் வருவது, புள்ளிக்குப் புள்ளி மாறி மாறிச் சதுரங்கப் பலகையைப்போல் துடிக்கும் அலை. இதுவரை எதுவும் தொலையவில்லை. 64 எடைகளிலிருந்து 64 புள்ளிகளையும் திரும்பப் பெறலாம். ஆனால் கன்னம் விழுந்திருக்கும் கட்டத்தில் முதல் நாலைந்து எடைகளைத் தவிர மற்றவை ஏறக்குறைய பூஜ்யம் என்பது இப்போது வெளிச்சமாகிவிட்டது. மூவரும் கண்டுபிடித்தது இந்த வசதியைத்தான்: முக்கியமானவை எல்லாம் ஒரு மூலைக்கு வந்து சேர்ந்துவிடும், மீதியைக் கழிக்கலாம்.

கழிப்பது அடுத்த படியில். ஒவ்வொரு எடையையும் ஓர் எண்ணால் வகுத்து, வருவதை முழு எண்ணாக்கி விடுவார்கள். ஜேபெக் தரத்தோடு மாதிரியாகக் கொடுக்கப்பட்ட அட்டவணையில் முதல் எடைக்கு வகுஎண் 16, கடைசி எடைக்கு 99. சரிகைக் கட்டத்தின் கடைசி எடை 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். 99ஆல் வகுத்தால் 0.4, முழு எண்ணாக்கினால் பூஜ்யம். போயிற்று. இனி எந்த டிவியாலும் அதைக் கொண்டுவர முடியாது. கன்னத்துக்கு நஷ்டமே இல்லை. சரிகைக்கும், தொடுத்த மல்லிகைக்கும், தாத்தாவின் நரைத்த புருவத்துக்கும்தான் நஷ்டம். நுணுக்கம் உள்ள இடங்களில்தானே வேகமான அலைகள் இருக்கும். வகுஎண்களைக் கூட்டக் கூட்டக் கோப்பு சிறுக்கும், சரிகை மங்கும், அதன் ஓரத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் புள்ளிகள் கிளம்பும்.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 12 மெகாபிக்சல் படத்தைச் சுருக்காமல் வைத்தால் மூன்றரைக் கோடி பைட்டுக்கு மேல். ஜேபெக் அதை நாற்பது லட்சம் பைட் அளவில் கொண்டுவந்துவிடுகிறது. போன் இவ்வாறு முதல் முறை கழிக்கும்போது மிகவும் பார்த்துத்தான் கழிக்கும். டிவியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சிக்கல் இரண்டாவது முறையில்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் நீளமான பக்கம் 1,600 புள்ளி அளவுக்குக் குறைக்கப்படும். 4,000க்கு 3,000 என்றிருந்தது 1,600க்கு 1,200 ஆகும். ஒரு கோடியே இருபது லட்சத்தில் மிஞ்சுவது 19 லட்சம். அதன்பின் வகுஎண்களைக் கூட்டி மறுபடி ஜேபெக். ஆறு அங்குலப் போனில் பார்க்க இது தாராளம். போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்ட் போட்டால்கூட ஒப்பேறும். ஆனால் 4கே டிவி அந்தப் படத்தை உயரத்துக்குப் பொருத்தி 62 லட்சம் புள்ளிகளாக விரிக்க வேண்டும். அதில் 43 லட்சம் டிவியே பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்துப் போடுவது. ‘ஷார்ப்னெஸ்’ஸை வேறு ஏற்றி வைத்திருந்தால் எறும்புகளுக்கும் கட்டங்களின் ஓரத்துக்கும் கோடு போட்டுக் காட்டும். பூணூல் படங்களின் கதை இதுதான்.

‘பார்வர்டு பண்ணிப் பண்ணியே படம் கெட்டுப்போச்சு’ என்பார்கள். அது முழு உண்மையல்ல. வாட்ஸ்அப்புக்குள்ளேயே ஒருவர் மற்றவருக்கு பார்வர்டு செய்தால் அதே கோப்புதான் போகிறது. இறக்கி, ஓரத்தை வெட்டி, பூக்கள் வைத்த வாழ்த்து ஒட்டி மறுபடி ஏற்றினால்தான் இன்னொரு சுற்றுக் கழிவு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது அதைவிடக் கேடு. படத்தோடு பேட்டரி அளவும் சேர்ந்து வரும். 2023ல் எச்டியாக அனுப்பும் வசதி வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் பத்திரமானது, படத்தை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்வது. ஒரு பைட்கூடக் குறையாது. இந்த ஒரு விஷயத்தைச் சித்தப்பாவுக்குப் போனில் புரியவைப்பதுதான் ஸ்லைடுஷோ வேலையிலேயே கடினமான கட்டம்.

1969 படத்துக்கு வருவோம். அது பிழைத்ததற்கு முதல் காரணம் அதில் சாயமே இல்லை என்பது. கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் கறுப்பாகத் தெரிவது ஜெலட்டினுக்குள் பொதிந்த வெள்ளித் துகள், உலோகம். சரியாகக் கழுவிய பிரிண்ட் நூறு வருஷம் தாங்கும். இரண்டாவது காரணம், ஸ்டூடியோக்காரர் பெரிய பிலிமில், முக்காலியில் நிறுத்தி, விளக்கு வைத்து எடுத்தார். 1850களின் இறுதியில் மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் தஞ்சையிலும் மதுரையிலும் எடுத்த கோயில் படங்களில் இன்றும் கல்லின் பொளிவைப் பார்க்க முடிவதும் இதனால்தான்.

கலர் பிரிண்டில் வெள்ளி கிடையாது. பச்சை கலந்த நீலமான சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாய அடுக்குகள். எழுபதுகளில் வந்த தாள்களில் சயான் சாயம் சோனி. வெளிச்சமே படாமல் பீரோவுக்குள் இருந்தாலும், சூட்டிலும் ஈரப்பதத்திலும் தானே சிதையும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. சயானின் வேலை சிவப்பு ஒளியை விழுங்குவது. விழுங்க ஆளில்லாததால் சிவப்பு மட்டும் கூடுதலாகத் திரும்பி வருகிறது. குடும்பம் செங்கல் நிறமாகிறது.

நல்ல செய்தி, சயான் முழுக்கப் போய்விடவில்லை. வெளுத்த அடுக்கிலும் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் சிறு வேறுபாடு மிச்சமிருக்கும். ஸ்கேன் செய்த படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, சிவப்பில் சுருங்கிக் கிடக்கும் அந்த வேறுபாட்டை மட்டும் இழுத்து விரித்தால் தோல் தோலாகவும் மாவிலை பச்சையாகவும் திரும்பும். பெரும்பாலான போட்டோ மென்பொருள்களில் ‘லெவல்ஸ்’ என்ற பெயரில் இது இருக்கும். ஆனால் இழுக்க இடம் வேண்டுமே. பிரிண்டை போனில் படமெடுத்து, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பிறகு இழுத்தால் கட்டங்கள்தான் விரியும். நிறத்தைப் பாதியாக்கிய கோப்பில் நிறத்தைத் தேடுவது வீண்.

ஆகவே ஸ்கேன். போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்ட் நான்குக்கு ஆறு அங்குலம். அங்குலத்துக்கு 600 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் 2,400க்கு 3,600, அதாவது 86 லட்சம். 4கே திரையின் 83 லட்சத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி வந்துவிடும். 1,200 என்று கேட்டு லேபில் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பழைய பிரிண்டில் அவ்வளவு நுணுக்கம் இருக்காது, தாளின் தூசிதான் பெரிதாகும். எழுபது, எண்பதுகளில் ‘சில்க் ஃபினிஷ்’ என்று பெருமையாகக் கேட்டு வாங்கிய சொரசொரப்புத் தாள் ஸ்கேனரில் பொடிப்பொடியாக மின்னும். அதை மட்டும் பால்கனி நிழலில் வைத்துக் கேமராவில் எடுக்கலாம். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது. ஈரத்தில் இளகிய ஜெலட்டின் கண்ணாடியில் பிடித்துக்கொண்டிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போகும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டியதுதான்.

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்மமாக்கியிருக்கிறார்கள். அத்தகைய ஆவணக்காரர்கள் ஜேபெக்கை மூலக் கோப்பாக ஏற்பதில்லை; எதையும் கழிக்காத டிஃப் வடிவம்தான் கேட்பார்கள். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும், 1969 படத்துக்கு மட்டும் ஒரு டிஃப் வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

பென் டிரைவ் செய்யும் சேட்டைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படம் படுத்துக்கொண்டு வருகிறதென்றால், போன் எப்படிப் பிடித்தாலும் படத்தைப் படுக்கையாகவே எழுதிவிட்டு, ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்று கோப்புக்குள் ஒன்று முதல் எட்டுக்குள் ஓர் எண்ணை வைக்கிறது. பழைய டிவிகள் அந்த எண்ணைப் படிப்பதில்லை. கம்ப்யூட்டரில் ஒருமுறை திருப்பிச் சேமித்தால் தீர்ந்தது. 2017க்குப் பிந்தைய ஐபோன்களின் ஹெயிக் கோப்பைப் பல டிவிகள் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாது. ஜேபெக்காக மாற்ற வேண்டும். வரிசையும் குழம்பும். 10ஆம் எண் படம் 2ஆம் எண்ணுக்கு முன்னால் வரும், ஏனென்றால் டிவி எண்ணை எண்ணாகப் படிக்காமல் எழுத்தெழுத்தாகப் படிக்கிறது. தேதிப்படி அடுக்கச் சொன்னால், போன வாரம் ஸ்கேன் செய்த கல்யாணம் கொள்ளுப்பேத்தியின் ஆண்டுநிறைவுக்குப் பிறகு நடக்கும். கோப்பின் பெயருக்கு முன்னால் வருஷத்தை நான்கு இலக்கத்தில் போட்டுவிட்டால் இரண்டு வம்பும் ஓயும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாண்டி பஜாரிலும் உஸ்மான் ரோட்டிலும் ஷோரூம்களில் பளீரென்ற வெள்ளை விளக்கின் கீழ் டிவிகள் வரிசையாக நிற்கும். அந்த வெளிச்சத்தில் பக்கத்து டிவியைத் தோற்கடிக்க வேண்டுமே என்று ‘விவிட்’ முறையில் வைத்திருப்பார்கள். வெள்ளையில் நீலம் தூக்கலாக, நிறமெல்லாம் உப்பலாக. வீட்டுக்கு வந்தும் பலர் அதை மாற்றுவதில்லை. போன் படங்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்ற தரத்தில் எழுதப்படுகின்றன. எச்டி டிவியின் தரமும் அதே மூன்று அடிப்படை நிறங்களைத்தான் வைத்திருக்கிறது. இரண்டும் பேசிவைத்த மாதிரிப் பொருந்தும், டிவியின் உப்பல் குறுக்கே வராவிட்டால். ‘சினிமா’ முறைக்கு மாற்றினால் முதல் நாள் மங்கலாகத் தோன்றும். இரண்டாவது நாளிலிருந்து மஞ்சள் மஞ்சளாகவும் மாநிறம் மாநிறமாகவும் இருப்பது பழகிவிடும்.

கூட்டமாக உட்கார்ந்து பார்க்கும்போது வருவது கோணப் பிரச்சினை. நடு சோபாவில் இருப்பவருக்குக் கறுப்பு கறுப்பாகத் தெரியும். ஜன்னலோர நாற்காலியில் இருப்பவருக்கு அதே படம் வெளுத்திருக்கும். திரவப் படிகத் திரைகளில் மூலக்கூறுகள் சாய்ந்து ஒளியை விடுவதும் மறிப்பதும் நேரெதிரே பார்ப்பவரைக் கணக்கில் வைத்துத்தான் நடக்கிறது. விஏ வகைத் திரையில் கறுப்பு நன்றாக இருக்கும், கோணம் குறுகல். ஐபிஎஸ் வகையில் கோணம் அகலம், கறுப்பு சுமார். ஓஎல்இடியில் இரண்டும் நன்று, விலை ஒன்றுதான் உதைக்கும். சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகரும் சகாக்களும் 1977ல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவப் படிகங்களைக் கண்டுபிடித்தார்கள். பின்னாளில் ஜப்பானின் ஃபுஜிஃபிலிம் அந்த வகைப் பொருளால் மென்படலம் செய்து, கம்ப்யூட்டர் திரைகளின் பார்வைக் கோணத்தை விரித்தது.

எத்தனை படம், எத்தனை விநாடி என்பதில் பேத்திகளும் வீடியோக்காரர்களும் அவசரக்காரர்கள். மூன்று விநாடிக்கு ஒன்று என்று தள்ளிவிடுவார்கள். படத்தில் இருப்பது கல்யாணமா கடற்கரையா என்று அறிய நமக்கு ஒரு விநாடிகூட வேண்டாம் என்பது சரிதான். லயனல் ஸ்டாண்டிங்கும் வேறு இருவரும் 1970ல் வெளியிட்ட ஆய்வில் ஆட்களுக்கு 2,560 ஸ்லைடுகளைத் தலா பத்து விநாடி காட்டினார்கள். பிறகு சோதித்தபோது பார்த்த படம் எது, பார்க்காத படம் எது என்று நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். மனித மூளை படங்களை அவ்வளவு சுலபத்தில் விடாது. ஆனால் குடும்ப ஸ்லைடுஷோவில் யாரும் படத்தை அடையாளம் காண வருவதில்லை. ஆட்களைத் தேட வருகிறார்கள்.

தேடுவதற்குக் கண்ணுக்கு ஒரு வேகம் உண்டு. நாம் கூர்மையாகப் பார்ப்பது விழித்திரையின் நடுவில் இரண்டு டிகிரி அளவே உள்ள சிறு பகுதியால்தான். எட்டடியிலிருந்து 55 அங்குல டிவியைப் பார்த்தால் திரையின் அகலம் 28 டிகிரி வரும். ஒரு பார்வையில் அதில் பதினான்கில் ஒரு பங்குதான் தெளிவு. கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவும். கல்யாண குரூப் போட்டோவில் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்றால், ஐந்து விநாடியில் அதிகபட்சம் இருபது முகம். அந்த ஐந்திலும் முதல் விநாடி தன்னைத் தேடுவதில் போகும். ‘பின்னாடி நிக்கறது யாருடி, மன்னார்குடி சித்தியா?’ என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் படம் போய்விட்டிருக்கும். தனி ஆள் படத்துக்கு ஐந்து விநாடி போதும். குரூப்புக்குப் பதினைந்தாவது வேண்டும். அந்தப் படத்தை மூன்று முறை அடுத்தடுத்து வேறு வேறு பெயரில் பிரதி எடுத்துப் போட்டால் எந்த டிவியும் அந்த நேரத்தைக் கொடுத்துவிடும். இருநூறு படம் வேண்டாம். நூறு போதும்.

இவ்வளவும் வீட்டு டிவிக்கு. மண்டபத்தில் வைக்கிற எல்இடி சுவருக்குக் கணக்கே வேறு. ‘பி3’ என்று வாடகைக்குக் கொடுப்பவர்கள் சொல்வது, ஒரு விளக்குப் புள்ளிக்கும் அடுத்ததற்கும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி என்று அர்த்தம். 12 அடிக்கு 8 அடிச் சுவரில் குறுக்கே 1,219, நெடுக்கே 813, மொத்தம் 9.9 லட்சம் புள்ளிகள். ஹாலில் இருக்கும் 4கே டிவியில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. புள்ளி தெரியாமல் பார்க்க 34 அடி தள்ளி உட்கார வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படமும் 600 புள்ளியில் ஸ்கேன் செய்த படமும் அங்கே ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். கூழான சரிகைகூட யார் கண்ணிலும் படாது. சுவர் எத்தனை அடி என்று விசாரிக்கும்போதே எந்த ‘பி’ என்றும் கேட்டுவிடுங்கள். பி2.5 கிடைத்தால் அதே அளவுச் சுவரில் புள்ளிகள் 14 லட்சமாகும், தூரம் 28 அடிக்கு இறங்கும். முதல் வரிசை நாற்காலிகளை எவ்வளவு தள்ளிப் போடச் சொல்வது என்பதையும் அதை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம், சாப்பாட்டுக் கூடம் பக்கத்துக் கதவை மறிக்காமல்.